சிவப்பை அணைத்த விரல்

“மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க!”

ரேடியோ பிடித்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, ஐஸ் மாதிரி இருந்த பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நிற்பதுகூட அவனுக்குப் பெரிதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததே, அதுதான் சித்திரவதை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நிறுத்தாமல் பேசுகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ, அதுவே நிலைத்துவிட்டது.

“ம், விடலாம்.”

“மூச்சையா, என்னையா?” என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினான். எக்ஸ்ரே எடுத்தவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே பெஞ்சில் இன்ஜினியரம்மா காத்திருந்தார். நரைத்த தலை, தோளில் தொங்கும் பை, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கும் கண். ரேடியோவுக்குச் சம்பளம் கொடுக்கிறவர். அவன் ஜோக்குக்குச் சிரிக்காமலிருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

“வலிச்சுதா?”

“நெஞ்சு வலிக்கலை மேடம், மானம்தான் வலிக்குது. தொப்பை முட்டுக்கட்டை போட்டதுல நெஞ்சு பலகைல ஒட்டவே மாட்டேன்னுடுச்சு. ஆமா, துப்பறியறவங்க திருடனைப் பின்தொடருவாங்க, கொலைகாரனைப் பின்தொடருவாங்க. நாம யாரைப் பின்தொடரப் போறோம்?”

“ஒரு சேதியை. உன் நெஞ்சுல ஏதோ இருக்குங்கற சேதியை.”

“இருக்கா?” ரேடியோவின் குரல் கீச்சிட்டது.

“இல்லைய்யா, இருக்கற மாதிரி. அந்தச் சேதி இங்கிருந்து கிளம்பி உன் காதுக்கு வந்து சேரணும். வழியில எங்க செத்து விழுதுன்னு பார்த்துட்டா நம்ம வேலை முடிஞ்சுது.”

இன்ஜினியரம்மா துப்பறிய வந்தது லிஃப்ட் வழியாக. பாதி ஆயுளை ஒரு லிஃப்ட் கம்பெனியில் கழித்தவர். லிஃப்ட் விழுந்தால் எல்லோரும் பட்டனை அமுக்கினவனைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். இவர் மட்டும் குழிக்குள் டார்ச் அடித்து, லிஃப்ட் வராதபோது கதவு ஏன் திறந்தது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சொல்லப்போனால் அது ஒன்றுதான் அவருடைய துப்பறியும் மூலதனம்.

வழக்கு இதுதான். ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு விடாத இருமல். இதே ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார். படத்தில் சந்தேகப்படும்படி ஒரு புள்ளி தெரிந்தது. அப்படித் தெரிந்தால் மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து வரச் சொல்வார்கள். அவருக்குப் போன் வரவில்லை. போன் வரவில்லையென்றால் ஒன்றுமில்லை என்று மனிதர் நிம்மதியாக மாதக்கணக்கில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இருமலில் ரத்தம் வந்த அன்றுதான் மறுபடி ஓடிவந்தார். அதற்குள் புள்ளி பெரிதாகிவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன். பிழைத்துவிடுவார் என்கிறார்கள், அப்போதே வந்திருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டியிருக்காது என்றும் சொல்கிறார்கள்.

நோயாளிகளுக்குப் போன் செய்யும் மேஜையில் இருப்பது ஒரே ஒரு பெண். அவள் வேறு யாருமில்லை, டிரைவர் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. தனக்கு வந்த நல்ல வரனை மாமா தட்டிக்கழித்துவிட்டார் என்று அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தவள். போதாதா? அக்காவே இன்ஜினியரம்மாவிடம் வந்து, “அவதான் வேணும்னே போன் பண்ணாம இருந்திருக்கா. நிரூபிச்சுக் கொடுங்க. நாலு கேள்வி கேட்டுட்டு அவளைத் தலைமுழுகிடறேன்” என்று மூக்கைச் சிந்தினாள். ஆஸ்பத்திரியின் தலைவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று கூப்பிடுகிறவர், அவரும் அதையேதான் சொன்னார். இன்று மதியத்துக்குள் வேறு பதில் கிடைக்காவிட்டால் தங்கைக்கு வேலை போகும். கூடவே அக்காவின் உறவும் போகும்.

முதல் நிறுத்தம், படம் பார்த்துச் சொல்லும் டாக்டரின் அறை. ஜன்னலெல்லாம் அடைத்து, திரையின் வெளிச்சத்தில் மூஞ்சி மட்டும் மிதந்துகொண்டிருந்த அந்த மனிதரை ஆஸ்பத்திரியே இருட்டறை டாக்டர் என்றுதான் அழைத்தது.

“இதுதான் உங்க ஆளோட படமா?” என்று ரேடியோவின் நெஞ்சைத் திரையில் கொண்டுவந்தார். “கொழுப்பைத் தவிர வேற குறை ஒண்ணும் இல்லை.”

“அது உடம்புல இருக்கறது டாக்டர். வாயில இருக்கறது படத்துல தெரியாது” என்றார் இன்ஜினியரம்மா. “நேத்து சொன்ன மாதிரி, சோதனைக்காக அவசரம்னு போட்டு அனுப்புங்க. யாருக்கும் தெரிய வேணாம்.”

இருட்டறை டாக்டர் கீபோர்டில் தட்டினார். “போயாச்சு. காலைல வந்ததும் முதல் படமே கெட்ட சேதி, ஒரு தையல்கடைக்கார அம்மா. அதுக்கும் அவசரம் போட்டு அனுப்பினேன். இப்ப இது. என் வேலை முடிஞ்சுது.”

“அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது ஏன் எனக்குத் தெரியணும்? பார்க்கறேன், எழுதறேன், அனுப்பறேன். அப்புறம் போன் மேஜை இருக்கு, வார்டு டாக்டர் இருக்கார், பெரிய டாக்டர் இருக்கார்.”

“டிரைவர் விஷயத்துலயும் இப்படித்தானா?”

“அதுக்கும் அவசரம் போட்டேன். சாமி சத்தியமா போட்டேன். அதோட என் வேலை…”

“முடிஞ்சுது” என்று ரேடியோ எடுத்துக்கொடுத்தான்.

வெளியே வந்ததும் அவனுக்கு வாய் அரித்தது. “நேத்து வார்டு டாக்டரும் இதையேதான் சொன்னாரு மேடம். படம் எடுக்கச் சொன்னேன், என் வேலை முடிஞ்சுதுன்னு. படம் எடுத்தவரும் அதே பாட்டு. இங்க எல்லாரோட வேலையும் முடிஞ்சுடுது. நோயாளி ஒருத்தன்தான் முடியாம கிடக்கான்.”

“இதை எங்கயாவது எழுதி வச்சுக்கோ. உன் வாயிலருந்து அபூர்வமா வர்ற உருப்படியான பேச்சு” என்றார் இன்ஜினியரம்மா.

போன் மேஜைக்குப் போகும் வராந்தா நெடுக, இரண்டு பக்கமும் போட்டோ மாட்டியிருந்தது. பெரிய டாக்டரும் வந்துபோன விருந்தாளிகளும். எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே தேதியோடு. ரேடியோ ஒரு போட்டோவின் கண்ணாடியில் முகம் பார்த்துக் கலைந்த தலையைச் சீவிக்கொண்டான். உள்ளே பெரிய டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மனுஷன் ஆபரேஷன் பண்ணின நேரத்தைவிட போட்டோவுக்கு நின்ன நேரம் ஜாஸ்தியா இருக்கும் போல” என்றான்.

 அவன் சீவி முடித்து நகர்ந்த பிறகு, இன்ஜினியரம்மா அதே போட்டோவை மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். அப்புறம் அடுத்ததை. அப்புறம் எதிர்ச் சுவரில் இருந்ததை.

“மேடம், அது கல்யாண ஆல்பம் இல்ல. வாங்க.”

போன் மேஜையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் கால் தரையில் எட்டாத குள்ளம். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நாலு அடி தள்ளிக் காத்திருப்போர் வரிசையில் அக்கா. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமலிருக்க எதிரெதிர்ச் சுவர்களை வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், அவகிட்ட கேளுங்க, ராத்திரி தூக்கம் வருதான்னு” என்றாள் அக்கா ரேடியோவிடம்.

“சார், அவங்ககிட்ட சொல்லுங்க, மாமா பேரு எனக்கு இறங்கவே இல்லைன்னு. நூறு தடவை சொல்லிட்டேன்” என்றாள் தங்கை, அவளும் ரேடியோவிடம்.

“வாங்கற சம்பளத்துக்கு இது வேறயா?” ரேடியோ இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

“இறங்கறதுன்னா?” என்று கேட்டார் இன்ஜினியரம்மா.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவசரம் என்று வரும் ஒவ்வொரு படமும் முதலில் ஹாலில் இருக்கும் பெரிய திரைக்குத்தான் போகும். அங்கே ஒரு சிவப்புப் புள்ளியாக எரியும். காலையில் பெரிய டாக்டர் அதன் முன்னால் மீட்டிங் நடத்துவார். மீட்டிங் முடிந்த பிறகுதான், சிவப்பாக இருப்பதெல்லாம் இவள் மேஜைக்கு இறங்கும். இவள் போன் செய்து, நோயாளிக்குச் சொல்லிவிட்டு அமுக்கினால் அது பச்சையாகும்.

“நேரா உனக்கே வந்தா என்னவாம்?”

“பெரிய டாக்டர்தான் முதல்ல பார்க்கணும்னு உத்தரவு மேடம்.”

“அந்தத் திரைகிட்ட நீ போவியா?”

“ஐயோ, நாங்கல்லாம் அதுக்கு முன்னாடி கட்டியிருக்கற கயிறைத் தாண்டவே கூடாது. தாண்டினாலும் புள்ளி எரியற இடம் எனக்கு எட்டாது.” எழுந்து நின்று கையைத் தூக்கியும் காட்டினாள். கை ரேடியோவின் நெற்றியளவுக்கு வந்தது. “இன்னிக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க. நல்லவேளை, வேலை கம்மியா இருக்கும்.”

இன்ஜினியரம்மாவின் கண் சுருங்கியது. “விருந்தாளி வந்தா உனக்கு ஏன் வேலை கம்மி?”

“தெரியலை மேடம். அந்த மாதிரி நாள்ல ஒண்ணும் இறங்காது. பெரிய மனுஷங்க வந்தா ஊர்ல யாருக்கும் நோயே வராது போலன்னு நாங்க சிரிச்சுக்குவோம்.”

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஹாலைப் பார்க்க நடந்தார். “ரேடியோ, வா. உன் சாவைப் பார்க்கப் போகலாம்.”

“வாய்ல நல்ல வார்த்தையே வராதா மேடம்?”

ஹாலில் ஜே ஜே என்று கூட்டம். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த விருந்தாளிகள் கையில் காபிக் கோப்பையோடு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அந்தப் பக்கம் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ராட்சசத் திரை. அதில் நூற்றுக்கணக்கில் பச்சைப் புள்ளிகள். மேலே, ஒரு மூலையில், இரண்டே இரண்டு சிவப்பு.

பெரிய டாக்டர் நெடுநெடுவென்று வளர்ந்தவர். கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. போட்டோக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிர்! சிவப்புன்னா ஆபத்து. பச்சைன்னா நோயாளிக்குச் சொல்லியாச்சுன்னு அர்த்தம். உலகத்துல எந்த நோயாளியும் எங்க கையிலருந்து நழுவ முடியாது!”

“டிரைவர் நழுவினது சோப்புப் போட்டதால போல” என்று ரேடியோ முணுமுணுத்தான். இன்ஜினியரம்மாவின் முழங்கை அவன் விலாவில் இறங்கியது.

“எவ்வளவு சுலபம்னு பாருங்க. ஒரு விரல்! ஒரே ஒரு விரல்!”

பெரிய டாக்டர் விரலை நீட்டி ஒரு சிவப்புப் புள்ளியைத் தொட்டார். அது விரிந்தது, நெஞ்சுப் படம் ஒன்று சுவரளவுக்குத் தெரிந்தது. தொப்பையின் மேல்வட்டம் கீழே எட்டிப்பார்த்தது. ரேடியோ தன் நெஞ்சை உடனே அடையாளம் கண்டுகொண்டான். விருந்தாளிகள் ‘ஓ’ என்றார்கள். படம் மறுபடி சுருங்கிப் புள்ளியானது. இப்போது அது பச்சை.

பெரிய டாக்டர் இன்னொன்றையும் தொட்டார். அதுவும் விரிந்தது, சுருங்கியது, பச்சையானது. போட்டோக்காரரின் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. கைதட்டல் எழுந்தது.

“பார்த்தீங்களா? சுத்தமா பச்சை!”

“மேடம், என்னைக் கொன்னுட்டாரு” என்றான் ரேடியோ, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. “அத்தனை பேர் கைதட்ட, பட்டப்பகல்ல.”

“பொறு.”

பெரிய டாக்டருக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. விருந்தாளிகள் முன்னால் தன் கண்டிப்பையும் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தங்கையை வரவழைத்தார். பின்னாலேயே அக்காவும் வந்து கதவோரம் நின்றாள்.

“இவ்வளவு அருமையான ஏற்பாட்டுலயும் ஒரு கறுப்பு ஆடு. ஒரு டிரைவரோட புள்ளி பச்சை ஆயிருக்கு, ஆனா அவருக்குப் போன் போகலை. பச்சை பண்ண முடிஞ்ச ஆள் இந்தப் பொண்ணு ஒருத்திதான். சொந்தப் பகை. சொந்த அக்கா புருஷன்! இப்படிப்பட்ட ஆளை வச்சுக்கிட்டு நான் எப்படி…” கோட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். “இத்தோட நீ நின்னுக்கலாம்மா.”

தங்கை கவரை வாங்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் டாக்டர்” என்று இன்ஜினியரம்மா கயிற்றைத் தாண்டினார். “மீட்டிங் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ஏன்?”

“அப்ப இந்தப் பொண்ணு மேஜைக்கு என்ன இறங்கியிருக்குன்னு கேளுங்களேன்.”

“ஒண்ணும் இல்லை மேடம்” என்றாள் தங்கை. “பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

ரேடியோ கையைத் தூக்கினான். இதற்காகத்தானே இவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான்! “டாக்டர் சார், எனக்கு எப்ப சார் போன் வரும்?”

“யார் நீங்க?”

“என்ன சார், மறந்துட்டீங்க? இப்பதான் சுவத்துல பார்த்தீங்க. அந்தத் தொப்பைக்குச் சொந்தக்காரன். எனக்கு நெஞ்சுல ஏதோ அவசரமாம். எனக்குச் சொல்லியாச்சுன்னு பச்சை எரியுது. எனக்கு யாருமே சொல்லலையே!”

ஹாலில் ஒரு கோப்பை தட்டில் இடிபடும் சத்தம் கேட்டது.

“அது… நான் சும்மா காட்டறதுக்குத்தானே தொட்டேன்” என்றார் பெரிய டாக்டர். “விருந்தாளிங்க முன்னாடி தொட்டதும் மாறணும், தாமதம் ஆகக் கூடாதுன்னு திரையைச் செஞ்சவங்ககிட்ட சொல்லியிருந்தேன். அப்புறம் அதுவா சிவப்புக்குத் திரும்பிடும்.”

“திரும்புதான்னு என்னிக்காவது பார்த்தீங்களா?”

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“நேத்து இந்தத் திரையைப் பக்கவாட்டுல நின்னு பார்த்தேன்” என்றார் இன்ஜினியரம்மா. “கண்ணாடி முழுக்க பளபளன்னு இருக்கு. அந்த மூலையில மட்டும் விரல் அழுக்கு. சின்ன அழுக்கு இல்லை, பல தடவை தடவி மெழுகின மாதிரி. இந்தப் பொண்ணு கையைத் தூக்கினா என் உதவியாளன் நெத்தி வரைக்கும்தான் வருது. ஏணி போட்டு ஏறியா பகை தீர்த்துக்கிட்டா?”

“விரல் அழுக்கு யாருதா வேணா இருக்கலாம்!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். சரியான சாட்சி வேணுமேன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். ரேடியோ, நீ தலை சீவின கண்ணாடியைக் கழட்டிக்கிட்டு வா.”

ரேடியோ ஓடிப்போய் வராந்தாவிலிருந்து போட்டோவைக் கொண்டுவந்தான். அப்போதுதான் அவனும் அதை ஒழுங்காகப் பார்த்தான். சிரிப்பைத்தான் பார்த்திருந்தானே தவிர கையைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டரின் விரல் திரையில் ஒரு புள்ளியின் மேல் இருந்தது. கீழே தேதி. டிரைவருக்குப் போன் வந்திருக்க வேண்டிய தேதி.

“அட பாவமே!” என்று அவன் வாய்விட்டே சொன்னான். “குத்தம் பண்றவன் தடயத்தை அழிப்பான். இவரு போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, வர்றவன் போறவன் பார்க்கற மாதிரி ஆணியடிச்சு மாட்டி வச்சிருக்காரே!”

விருந்தாளிகளில் ஒருவர் காபி புரையேறி இருமினார். பெரிய டாக்டரின் முகம் வெளிறி, பிறகு மெல்ல ஒரு தத்துவ ஞானியின் முகமாக மாறியது. மாறிய வேகத்தை ரேடியோ ரசித்துப் பார்த்தான்.

“இதுல ஒரு தனி மனுஷனைக் குத்தம் சொல்லக் கூடாது மேடம்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “இது சிஸ்டத்தோட கோளாறு. இந்த மாதிரி விஷயத்துல ஆளைத் தேடறது நாகரிகமே இல்லை.”

“ரொம்பச் சரி. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன். ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி இந்தப் பொண்ணு மாட்டினப்போ ஆளோட குத்தமா இருந்துச்சு. உங்க விரல் மாட்டினதும் சிஸ்டத்தோட குத்தம் ஆயிடுச்சு. அந்த ஞானத்தை அந்தக் கவர்லயும் எழுதிக் கொடுத்துடுங்க.”

கவர் சத்தமில்லாமல் கோட்டுப் பைக்குள் திரும்பிப் போனது. கதவோரம் நின்ற அக்கா அசையவில்லை. போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். 

ரேடியோவுக்கு நல்ல குஷி. கடைசி ஜோக் ஒன்றை எடுத்துவிடலாம் என்று திரையைப் பார்த்தான். தன்னுடைய புள்ளி எரிந்த இடம் பச்சை. பக்கத்தில் இருந்ததும் பச்சை. சொல்ல வந்த ஜோக் வாயிலேயே நின்றுவிட்டது.

“மேடம்,” என்றான். அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது. “நாம அனுப்பினது ஒண்ணு. இவரு தொட்டது ரெண்டு.”

இன்ஜினியரம்மா திரும்பினார்.

“தையல்கடைக்கார அம்மா” என்றான் ரேடியோ. “இருட்டறை டாக்டர் சொன்னாரே, காலைல முதல் படம். அது சோதனை இல்ல மேடம். அது நிஜம்.”

அதற்கு மேல் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தங்கைதான் முதலில் ஓடினாள். மேஜையில் அந்த அம்மாவின் நம்பரைத் தேடி எடுத்துத் தட்டினாள். எல்லோரும் கேட்க மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி தட்டினாள். ரேடியோ தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றதில்லை. 

“ஹலோ, யாரு?” மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல்.

“அம்மா, ஆஸ்பத்திரிலருந்து பேசறேன். நேத்து நெஞ்சுப் படம் எடுத்துட்டுப் போனீங்களே…”

“ஆமாம்மா. காலைல போன் வரும்னாங்க. வரலையா, சரி ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். இப்ப பஸ்ஸுக்குத்தான் நிக்கறேன். மக பிரசவத்துக்குப் போறேன், வர மூணு மாசம் ஆகும். என்னம்மா விஷயம்?”

அக்காவின் கை வாய்க்குப் போனது. போன் வரலையே, நல்லாத்தான் இருக்கேன். அவள் புருஷன் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு சொன்ன அதே பேச்சு. அன்றைக்கு அவளும்கூட ஆமாம் என்று தலையாட்டியிருந்தாள்.

“பயப்படாதீங்கம்மா. பஸ் ஏறாதீங்க” என்றாள் தங்கை. குரல் நடுங்கவில்லை. “படத்துல ஒரு சந்தேகம் இருக்கு. டாக்டர் உங்களை இன்னிக்கே பார்க்கணும். அப்படியே ஒரு ஆட்டோ பிடிச்சு இங்க வந்துடுங்க. வர்றேன்னு நீங்க சொல்லாம நான் போனை வைக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “வர்றேம்மா” என்றது குரல். “நல்லவேளை கூப்பிட்டே.”

தங்கை போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“இதான் டாக்டர் பச்சை” என்றார் இன்ஜினியரம்மா, பின்னாலேயே வந்து நின்றிருந்த பெரிய டாக்டரிடம். “லிஃப்ட் பட்டனை அமுக்கினா லைட் எரியும். லைட் எரிஞ்சுதுன்னா லிஃப்ட் வந்துட்டதுன்னா அர்த்தம்? வர்றேன்னு நோயாளி தன் வாயால சொல்ற வரைக்கும் சிவப்பு சிவப்பாவே இருக்கட்டும். சொல்லிட்டு வரலைன்னா மறுபடி சிவப்பு. விருந்தாளிக்குக் காட்டணும்னா பொம்மைப் புள்ளி ஒண்ணு வச்சுத் தொட்டுக்கோங்க.”

“அருமையான யோசனை. இன்னிக்கே அமல்படுத்தறோம்.” பெரிய டாக்டர் போட்டோக்காரரைத் தேடினார். “இந்தப் புது முறையைத் தொடங்கி வைக்கற மாதிரி ஒரு…”

“சார், வேணாம்” என்றான் ரேடியோ. “உங்க போட்டோ ஆளைப் பலி வாங்குது.”

 வராந்தாவிலிருந்து ஆணி பெயரும் சத்தம் வந்தது அப்போதுதான். எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரிலிருந்து ஒரு போட்டோவைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஏற்கெனவே இரண்டு. ரேடியோ சுவர் நெடுகப் பார்த்தான். இந்த முறை சிரிப்பைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு போட்டோவிலும் நீட்டிய ஒரு விரல் இருந்தது. அதன் கீழே ஒரு தேதியும் இருந்தது. வராந்தா கோடி வரைக்கும் இருந்தது.

“அம்மா, அதெல்லாம் சட்டம் போட்டது, சுவர் பெயருது” என்றார் பெரிய டாக்டர் ஈனமாக.

“பெயரட்டும்!” என்றாள் அக்கா. அதற்குமேல் அவளைத் தடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சத்தம் கேட்டு இருட்டறை டாக்டர் வெளியே வந்தார். வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கினார். இன்ஜினியரம்மா இரண்டே வரியில் நடந்ததைச் சொன்னார்.  இந்த முறை அவர் எந்த வேலை முடிந்தது என்றும் சொல்லவில்லை.

“அனுப்பின படமெல்லாம் என்கிட்ட இருக்கு” என்றார். “தேதியைச் சொல்லுங்க. அன்னிக்கு யாரு யாருக்கு அவசரம் போட்டேன்னு நான் பார்த்துச் சொல்றேன்.”

ரேடியோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர்ச் சுவர்ப் போட்டோக்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

அக்கா மார்போடு அணைத்திருந்த சட்டங்களைக் கொண்டுவந்து போன் மேஜையில் இறக்கினாள். தங்கை நிமிர்ந்தாள். அக்கா ரேடியோ இருந்த பக்கம் திரும்பி, “சார், அவகிட்ட…” என்று ஆரம்பித்து, நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மேலே இருந்த, ஹாலிலிருந்து எடுத்துவந்த டிரைவரின் தேதி போட்ட போட்டோவைக் குப்புறக் கவிழ்த்து ஓரமாக வைத்தாள்.

“இது நம்ம வீட்டுது, இதை விடுடி” என்றாள். “அடுத்தது யாருன்னு பாரு.”